லயத்து வீடும் பட்டணத்து வாடகையும்



"கோலாலம்பூரில் வாடகை கொடுத்து மாளவில்லை, ஐயா. நம் பெரியவர்கள் அப்போதே ஒரு வீடு வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?" என்று இளம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கேள்வி எளியது, விடை நூறாண்டு நீளமுடையது. பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தை (2007 முதல் இதன் பெயர் பெஸ்தாரி ஜெயா) முன்வைத்தே அதனைச் சொல்ல விழைகிறேன்.

தோட்டத்தில் வீடு என்பது கூலியின் ஒரு பகுதி. தொழிலாளர்க்கு உறைவிடம் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமையாக இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளியும் நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். லயமும் தமிழ்ப்பள்ளியும் ஒரே வேலியின் இரு கம்பங்கள் எனலாம். ஒன்று சாய்ந்தபோது மற்றொன்றும் ஆட்டங்கண்டதை நாமே பார்த்திருக்கிறோம்.

லயத்தில் வாடகை இல்லை. ஆகவே வாடகைச் சீட்டும் இல்லை, நிலப்பட்டாவும் இல்லை. பால்மரம் சீவும் கை இருக்கும்வரைதான் கூரை. 55 வயதில் வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். குடும்பத்தில் வேறொருவர் அங்கே வேலையில் இருந்தால் மட்டுமே தப்பும். வீட்டைக் காப்பதற்காகவே ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திப் பிரட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளை கொடுத்ததும் வாடகையே அன்றோ! இதை எந்தக் கணக்கேட்டிலும் காண முடியாது.

முதல் பெரும் அடி 1950களில் விழுந்தது. அயல்நாட்டுக் குழுமங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். துன் வீ.தி.சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளர்களைத் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சிறு தவணைகளில் சேர்ந்த பணத்தில் மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொழிலாளி தன் காசில் நிலம் வாங்கிய அந்த முயற்சி, என் கருத்தில், நம் பாடநூல்களில் இன்னும் கூடுதலான பக்கங்களைப் பெற்றிருக்க வேண்டும்.

பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. 1985இல் ஈய விலை சரிந்ததும் பெர்ஜுந்தாயின் ஈயச் சுரங்க வேலைகளும் சுருங்கின. மக்கள் பட்டணம் நோக்கி நடந்தனர்.

பட்டணத்தில் யாருக்கு மலிவாக இடம் கிடைத்தது? நகரத்தாருக்கு லெபோ அம்பாங்கில் கிட்டங்கிகள் இருந்தன. இரயில்வே ஊழியர்க்குச் செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் குவார்ட்டர்ஸ் இருந்தது. தோட்டத்து மனிதருக்கோ உறவினர் வீட்டுக் கூடம்தான். அதன்பின் புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமும் கொண்டு எழுப்பிய வீடு. 'சட்டத்தை மீறியவர்கள்' என்று அவர்களைச் சாடுவோர் ஒன்றை மறக்கின்றனர். வாடகையில்லை, பட்டாவுமில்லை, வேலைக்குப் பக்கம்: அது அவர்கள் பிறந்து வளர்ந்த லயத்தின் ஏற்பாடேதான். தலைமுறை தலைமுறையாகப் பட்டாவின்றி வாழ்ந்தவர்க்கு அது புதுமையாகத் தோன்றவில்லை.

அந்த வீடுகள் உடைக்கப்பட்டபோது பலர் 'நீண்ட வீடு' எனப்பட்ட தற்காலிகக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நெருக்கடி மிகுந்த கம்போங் மேடான் பகுதியில் 2001 மார்ச்சில் மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலமாக வேண்டும் என்று சிலாங்கூர் அரசு இலக்கு வைத்தது.

மலிவு விலை வீடு இல்லையா எனலாம். இருந்தது. 1980களில் அதன் உச்ச விலை 25,000 வெள்ளி. 1998இல் நகர்ப்புறங்களில் 42,000 வரை உயர்த்தப்பட்டது. ஆனால் வங்கி கேட்பது மாதச் சம்பளச் சீட்டு. நாட்கூலிக்காரர் எதைக் காட்டுவார்? மழை பெய்தால் அன்று கூலியே குறையும்! மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளி என்பது பலருக்கு உண்மையிலேயே பெரும் உதவி, மறுப்பதற்கில்லை. கிடைத்தவர்க்கு அது கூரை, காத்திருப்போர்க்கு வெறும் விண்ணப்ப எண்.

நம் பக்கத்திலேயே இன்னொரு காத்திருப்பும் நிகழ்ந்தது. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள், நிலம் கைமாறிய பின்னும் வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினர். அவர்களுக்கு 245 வீடுகள் கட்ட நடுவண் அரசும் மாநில அரசும் நிதி தருவதாக 2023இல் அறிவிப்பு வந்தது. முதலில் வீடு கேட்டவர்களில் சிலர் அதற்குள் காலமாகிவிட்டனர். பேரப்பிள்ளைகள் பலர் கோலாலம்பூரில் வாடகைக்கு அறை எடுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தனர்.