அப்பாவின் ராலி

மாட்டுக் கொட்டகைப் பரணில் முப்பது வருடம் கிடந்த சைக்கிளை வீட்டில் எல்லோரும் ஹெர்குலிஸ் என்றே சொல்லி வந்தோம். முன்பக்க முத்திரைத் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. பஞ்சாயத்து வில்லை மட்டும் ஹேண்டில் பாரில் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தது (வருடா வருடம் வில்லை வாங்க அலைந்ததெல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும்). சென்ற தை மாதம் அண்ணன், "பழைய இரும்புக்குப் போட்டுடு" என்றார். ஒரு முறை துடைத்துப் பார்ப்போமே என்று கீழே இறக்கினேன்.

பல்சக்கரத்தில் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தபோது நீண்ட அலகுடன் நாரைத் தலைகள் தெரிந்தன. நாரை, ராலியின் சின்னம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து ராலி தெருவில் இருந்த சிறு பட்டறையை வாங்கி, 1888இல் கம்பெனியாக்கியவர் பிராங்க் பவுடன். நம் ஊரில் ஹெர்குலிஸ் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அம்பத்தூர். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அதை அங்கே செய்ய ஆரம்பித்த பிறகு, எங்கள் பக்கம் கறுப்பு சைக்கிள் எல்லாமே ஹெர்குலிஸ் ஆகிவிட்டது.

ஆனால் பல்சக்கரத்தை யாரும் மாற்றியிருக்கலாம். பின்சக்கர ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூ. என்ற எழுத்தும், 51 என்ற எண்ணும் இருந்தன. மூன்று கியர் ஹப். 51 என்பது அது செய்யப்பட்ட வருடம். அதுவும் சக்கரத்தின் வயதுதான், பிரேமின் வயதல்ல. ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்த குமாஸ்தாவுக்கு ஒற்றைச் சாட்சி போதாது.

முடிவைச் சொன்னது பெடல் அச்சு ஓடும் குழாய். மெக்கானிக் தம்பி அதில் புதுக் கப்பைத் திருகினார். ஒன்றரைச் சுற்றில் இறுகி நின்றது. "பழைய மரை தேஞ்சு போச்சு சார், அடிச்சு ஏத்திடலாம்" என்றார். கையைப் பிடித்து நிறுத்தினேன். மற்ற இங்கிலீஷ் சைக்கிள்களில் அந்த இடத்தில் அங்குலத்துக்கு 24 மரை. ராலி மட்டும் தனக்கென்று 26 வைத்திருந்தது. அடித்து ஏற்றியிருந்தால் பிரேமே பாழ். பழைய கப்பையே கழுவி, புது பால்ரஸ் போட்டு, கிரீஸ் வைத்தோம்.

28க்கு ஒன்றரை டயர் இன்றும் கிடைக்கிறது. கம்பி பிரேக்குக்குக் கட்டை பாபநாசத்திலேயே கிடைத்தது. புரூக்ஸ் தோல் சீட்டுக்குத்தான் தஞ்சாவூர் பழைய சாமான் கடைகளில் நாலு மாதம் அலைந்தேன். பெயிண்ட் அடிக்கவில்லை. சீட்டுக் குழாயில் நாட்டிங்காம் என்ற பொன்னெழுத்து பாதி மிஞ்சியிருந்தது.

மிஞ்சிய சிக்கல் கேரியர். அது கம்பெனிச் சாமான் அல்ல. விதைநெல் மூட்டைக்காக அப்பா கொல்லரிடம் அடித்து வாங்கியது. அந்தக் காலத்துச் சாமானே இருக்க வேண்டுமென்றால் அதைக் கழற்ற வேண்டும். காரைக்கால் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சைக்கிளை 'லா பெத்தீத் ரேன்', குட்டி ராணி, என்பார். விடுமுறைக்கு வந்து பாபநாசம் ஸ்டேஷனில் இறங்கினால் அப்பா குட்டி ராணியோடு நிற்பார். நான் அந்தக் கேரியரில்தான் உட்காருவேன். கடைசித் தம்பிக்கு ஜுரம் கண்ட இரவு, அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அதில்தான். அப்பா கும்பகோணம் ஆஸ்பத்திரி வரை மிதித்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவர் அண்ணன். தம்பி பிழைக்கவில்லை. அண்ணன் அதற்கப்புறம் அந்தச் சைக்கிளைத் தொட்டதில்லை.

கேரியரைக் கழற்றவில்லை.

போன வாரம் அண்ணன் வந்தார். திண்ணையோரம் நின்ற சைக்கிளை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"காத்து கம்மியா இருக்குடா" என்றார். பம்பை எடுத்து வந்து கொடுத்தேன்.