சொந்த வலைப்பக்கத்தின் வரலாறு

கணினித் துறையில் வேலை பார்க்காதவரும் தானே ஒரு வலைத்தளத்தை அமைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வலையோடு சேர்ந்தே பிறந்தது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 மார்ச்சில் வலைக்கான முன்மொழிவை எழுதினார். 1990 இறுதியில் நெக்ஸ்ட் கணினியில் அவர் உருவாக்கிய முதல் உலாவியில் பக்கங்களைப் படிக்கலாம். அதிலேயே எழுதலாம், திருத்தலாம். படிப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்ற பிரிவு அவருடைய திட்டத்தில் இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று வலையின் அடிப்படை மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அதற்குப் பிறகு பக்கம் அமைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பக்கங்களை எழுதப் பயன்பட்ட எச்டிஎம்எல் மொழியும் எளியது. 1991இல் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் விளக்கத்தில் இருபதுக்கும் குறைவான குறிச்சொற்களே இருந்தன. எது தலைப்பு, எங்கே பத்தி தொடங்குகிறது, எது பட்டியல், எது இணைப்பு என்று சொல்வதே அவற்றின் வேலை. கோப்பு வெறும் உரைக்கோப்பு என்பதால் விண்டோஸில் இருந்த நோட்பேடே போதுமானதாக இருந்தது.

ஆர்வலர்களை வளர்த்தவை இரண்டு. முதலாவது, உலாவியின் பொறுமை. நிரல்மொழிகளில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் மொத்த நிரலும் நின்றுவிடும். எச்டிஎம்எல்லில் ஒரு குறிச்சொல்லை மூட மறந்தாலும் உலாவி தன்னால் இயன்றவரை பக்கத்தைக் காட்டிவிடும். இரண்டாவது, ‘வியூ சோர்ஸ்’ என்ற வசதி. பிடித்த பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம். அந்த வரிகளைத் தன் கோப்பில் ஒட்டி, பெயரையும் நிறத்தையும் மாற்றிப் பார்க்கலாம். 1990களில் பக்கம் செய்யக் கற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடம் அதுதான்.

இலவச இடம்

1993இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக் உலாவி, எழுத்துக்கு நடுவிலேயே படத்தையும் காட்டியது. 1994 இறுதியில் நெட்ஸ்கேப் வந்தது. வலை பொதுமக்களை எட்டியது. ஆனால் கோப்பு எழுதினால் மட்டும் போதாது. அதை வைக்க எப்போதும் இயங்கும் ஒரு சர்வர் வேண்டும். பல்கலைக்கழகக் கணக்கு இல்லாத சாதாரண மனிதருக்கு அது எட்டாத பொருளாக இருந்தது.

இந்தக் குறையைத் தீர்த்தவை இலவச இடம் தந்த நிறுவனங்கள். அவற்றில் பெரியது ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் 1994இல் கலிபோர்னியாவில் இதைத் தொடங்கினர். பக்கங்கள் அங்கே பேட்டை பேட்டையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சினிமா ஆர்வலர் ஹாலிவுட்டிலும், கணினி ஆர்வலர் சிலிக்கான்வேலியிலும், அறிவியல் புனைகதை ஆர்வலர் ஏரியா51இலும், குடும்பப் படங்களை வைக்க விரும்பியவர் ஹார்ட்லேண்டிலும் இடம் பிடித்தனர். ஒவ்வொருவருக்கும் கதவு எண் போல ஓர் எண்ணும் கிடைத்தது. டிரைபாட், ஏஞ்சல்ஃபயர் போன்றவையும் இதே சேவையைத் தந்தன. விலைக்குப் பதில் பக்கத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்தது.

அந்தக் காலப் பக்கத்துக்கென ஒரு முகம் உண்டு. பின்னணியில் ஓடு பதித்தது போல் திரும்பத் திரும்ப வரும் சிறு படம். நெட்ஸ்கேப் கொண்டுவந்த கண்சிமிட்டும் எழுத்து. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கொண்டுவந்த ஓடும் எழுத்து. மண்வெட்டியால் ஓயாமல் தோண்டிக்கொண்டே இருக்கும் ஆள்படத்துடன் ‘வேலை நடக்கிறது’ என்ற அறிவிப்பு. பக்கம் திறந்ததும் தானாக ஒலிக்கும் மிடி இசை. அடியில் வருகையாளர் எண்ணிக்கைப் பெட்டியும் விருந்தினர் ஏடும் இருக்கும். இலவச இடத்தில் சொந்த நிரல் ஓட்ட அனுமதி கிடைப்பது அரிது. ஆகவே எண்ணிக்கைப் பெட்டி வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து படமாக வந்து சேரும். தேடுபொறிகள் வலுவடையாத அந்நாளில் ஒரே ஆர்வம் கொண்டவர்களின் பக்கங்களை வட்டமாக இணைத்தது வெப்ரிங் என்ற ஏற்பாடு. ஒரு பக்கத்தின் அடியில் ‘அடுத்தது’ என்று சொடுக்கினால் அதே பொருளைப் பற்றிய இன்னொருவரின் பக்கம் திறக்கும்.

மோடம் வேகம் கைகளைக் கட்டிப்போட்டது. 28.8 கிலோபிட் மோடத்தில் நொடிக்கு அதிகபட்சம் 3.6 கிலோபைட் வரும். 72 கிலோபைட் படம் ஒன்று இறங்க 20 நொடி ஆகும். அதனால் படத்தின் அளவைக் குறைப்பதே அன்றைய ஆர்வலர் கற்ற முதல் நுணுக்கம். 256 நிறங்களுக்குள் அடங்கும் கோட்டோவியங்களுக்கு ஜிஃப், ஒளிப்படங்களுக்கு ஜேபெக் என்ற வழக்கம் அப்போது உறுதிப்பட்டது. ஜிஃப் பயன்படுத்திய சுருக்கமுறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமைத் தொகை கேட்டதால், தடையற்ற மாற்றாக பிஎன்ஜி வடிவம் உருவாகி 1996இல் வலைத் தரமாகப் பரிந்துரைக்கப்பட்டது.

அட்டவணையில் கட்டிய வீடு

எச்டிஎம்எல்லில் பக்க வடிவமைப்புக்கு வசதி இல்லை. பத்திரிகைப் பக்கம்போல இரண்டு மூன்று பத்திகளாகப் பிரிக்க விரும்பியவர்கள், எண்களைக் காட்டுவதற்காக வந்த அட்டவணைக் குறிச்சொல்லை அதற்குப் பயன்படுத்தினர். அட்டவணையின் கோடுகளை மறைத்துவிட்டு, இடப்பக்கக் கட்டத்தில் பட்டியலும் வலப்பக்கக் கட்டத்தில் கட்டுரையும் வைத்தனர். இடைவெளி வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படத்தை வைத்து, அதன் அகலத்தை 20 என்றோ 50 என்றோ எழுதி இழுத்துவிட்டனர். டேவிட் சீகல் 1996இல் வெளியிட்ட வடிவமைப்பு நூல் இந்த உத்தியைப் பரவலாக்கியது. பக்கம் அழகாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே அட்டவணைக்குள் அட்டவணை என நான்கைந்து அடுக்கு சேர்ந்ததால் ஒரு சொல்லைத் திருத்தக்கூடப் பல நூறு வரிகளைத் துழாவ வேண்டியிருந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் இந்தக் கட்டங்களில் திணறியது.

இந்தச் சிக்கலைக் கண்ணில் படாமல் மறைப்பதாகச் சொல்லி விற்பனைக்கு வந்தவை பக்க வடிவமைப்பு மென்பொருள்கள். வெர்மீர் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஃப்ரண்ட்பேஜை மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வேர்டில் கடிதம் அடிக்கத் தெரிந்தவர் ஃப்ரண்ட்பேஜில் பக்கம் செய்யலாம். ஆனால் அதன் சில வசதிகள், அதற்கென்றே கூடுதல் மென்பொருள் நிறுவிய சர்வரில் மட்டுமே வேலை செய்தன. மேக்ரோமீடியாவின் டிரீம்வீவர் 1997 டிசம்பரில் வந்தது. ஒரு பக்கம் தோற்றத்தையும் இன்னொரு பக்கம் அதன் வரிகளையும் காட்டியதால், கற்றுக்கொண்டே செய்ய நினைத்தவர்கள் அதை விரும்பினர். நோட்பேடோடு நின்றவர்களும் இருந்தனர். முடித்த கோப்புகளை எஃப்டிபி மென்பொருளில் இழுத்துப் போட்டு சர்வருக்கு ஏற்றுவது எல்லோருக்கும் பொதுவான கடைசி வேலை.

தமிழ்ப் பக்கம் செய்தவர்கள்

ஆங்கிலத்தில் பக்கம் செய்தவருக்கு இல்லாத ஒரு சுமை தமிழில் செய்தவருக்கு இருந்தது: எழுத்துரு. கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்தி அன்றைய தமிழ் எழுத்துருக்கள் செய்யப்பட்டன. எந்த எண்ணில் எந்த வடிவம் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியது. ஒரு செய்தித்தாளின் தளத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, இன்னொன்றைப் படிக்க வேறோர் எழுத்துரு என இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். அதனால் பல தமிழ்ப் பக்கங்களின் முதல் வரி, எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லும் ஆங்கில அறிவிப்பாக இருந்தது.

இந்தத் தடையை மீறியவர்களில் பலர் வேறு தொழில் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் உழைத்தவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே கவிதைத் தொகுப்புத் தளம் ஒன்றில் தமிழை ஏற்றினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலாளராகப் பணிபுரிந்த கு. கல்யாணசுந்தரம், மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் அவருடைய ஒருங்கிணைப்பில் தமிழ் இலக்கிய நூல்களை மின்பதிப்பாக்கியது. தட்டச்சும் பிழைதிருத்தமும் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களின் கைவேலை.

எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்க ஆர்வலர்கள் தங்களுக்குள் விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. இவற்றிலும் ஒரு குறை தங்கியது. டிஸ்கியில் ‘கொ’ என்ற எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியேற்றத்தில் அது ககரமும் ஒகரக் குறியும் என ஒலி வரிசையில் அமைகிறது. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகே அது சாதாரணக் கணினிக்குள் நுழைந்தது. டிஸ்கியில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் உயிர்மெய்யெழுத்தே பெரும்பாலும் ஆறு பைட் பிடிக்கும் என்ற தயக்கம் இருந்தது. ஆயினும் எந்தக் கணினியிலும் தெரியும், தேடினால் கிடைக்கும் என்ற வசதி அதை வெல்ல வைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது.

தோற்றம் தனி, உள்ளடக்கம் தனி

அட்டவணைச் சிக்கலுக்கான தீர்வை நார்வேக்காரரான ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரிலேயே முன்வைத்திருந்தார். எழுத்து ஒரு கோப்பில், அதன் நிறமும் அளவும் இடமும் இன்னொரு கோப்பில் என்ற சிஎஸ்எஸ் முறை 1996 டிசம்பரில் வலைத் தரமாகப் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு உலாவியும் அதை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டதால் பல ஆண்டுகள் ஆர்வலர்கள் அதைத் தொடத் தயங்கினர். 2003இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஸென் கார்டன் தளம் அந்தத் தயக்கத்தை உடைத்தது. அங்கே எச்டிஎம்எல் கோப்பு மாறவே மாறாது. சிஎஸ்எஸ் கோப்பை மாற்றினால் அதே பக்கம் வேறு ஆளாக நிற்கும்.

கைபேசி வந்தபோது இந்தப் பிரிவினையின் பயன் முழுதாகத் தெரிந்தது. 2010இல் ஈத்தன் மார்காட் விளக்கிய முறைப்படி, திரையின் அகலத்தைப் பார்த்து சிஎஸ்எஸ் தானாகப் பக்கத்தை மாற்றி அடுக்கும். 2017இல் முக்கிய உலாவிகளில் வந்த கிரிட் வசதி, அட்டவணையைக் கொண்டு செய்த வேலையைச் சில வரிகளில் முடித்தது.

இடம் போனது, பக்கம் போனது

1999இல் பிளாகரும் 2003இல் வேர்ட்பிரஸும் வந்தபின் எச்டிஎம்எல் தெரியாமலே எழுதி வெளியிட முடிந்தது. தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் அவற்றைத் திரட்டிக் காட்டியது. அடுத்து வந்த சமூக ஊடகங்கள் எழுதும் வேலையை இன்னும் எளிதாக்கின. பக்கத்தின் தோற்றமும் இடமும் நிறுவனத்தின் கைக்குப் போயின.

பிறர் இடத்தில் கட்டியதன் விலையை ஜியோசிட்டீஸ் காட்டியது. 1999இல் ஏறத்தாழ 360 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைத் தந்து யாஹூ அதை வாங்கியது. பத்தாண்டு கழித்து, 2009 அக்டோபரில் அதை மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு மூடுவதற்கு முன் இயன்றவரை நகலெடுத்து, அறுநூறு ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட தொகுப்பாக வெளியிட்டது. தப்பியவை அந்தக் குழுவும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றவையும் எடுத்த நகல்களே.

மூடிய வடிவங்களும் இதேபோல் மறைந்தன. ஃப்ளாஷில் செய்த தளங்கள், அதற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்ததும் உலாவிகளில் இயங்காமல் போயின. தனி எழுத்துருவில் எழுதிய தமிழ்ப் பக்கங்களைக் குறியேற்ற மாற்றிகளின் உதவியின்றி இன்று படிக்க முடியாது. செர்னின் முதல் பக்கமோ இன்றைய கைபேசி உலாவியிலும் திறக்கிறது. அதில் இருப்பது எளிய எச்டிஎம்எல் மட்டுமே.

2013இல் கைல் டிரேக் தொடங்கிய நியோசிட்டீஸ், கையால் எழுதிய பக்கங்களுக்கு மீண்டும் இலவச இடம் தருகிறது. கிட்ஹப் பேஜஸ் 2008 முதல் அதைத் தருகிறது. 2015 இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட், பாதுகாப்புச் சான்றிதழையும் இலவசமாக்கியது.

இன்று சொந்தத் தளம் தொடங்குபவருக்கு இந்த வரலாறு சொல்லும் பாடங்கள் சில. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் தனித்தனிக் கோப்பாக எழுத வேண்டும். கோப்பின் தலைப்பகுதியில் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று குறித்து, கைபேசிக்கான வியூபோர்ட் வரியையும் சேர்க்க வேண்டும். படங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் மாற்று விளக்கம் தர வேண்டும். டொமைன் பெயரைத் தன் பெயரில் பதிவுசெய்து, எல்லாக் கோப்புகளின் நகலையும் தன் கணினியில் வைத்திருக்க வேண்டும். இடம் தரும் நிறுவனம் நாளை கடையைச் சாத்தினாலும், அந்தக் கோப்புறையை வேறொரு சர்வரில் ஏற்றிவிட்டால் தளம் அதே முகவரியில் தொடரும்.