மாற்றுத்திறனாளிகள் நலப் பொறுப்பு, இலங்கையில்: அமைச்சு மாற்றங்களின் வரலாறு

இலங்கையில் மாற்றுத்திறனாளிகள் தொடர்பான அரசுப் பொறுப்பு ஒரே அமைச்சில் நீண்டகாலம் தங்கியதில்லை. அமைச்சுகளுக்கு விடயங்களையும் திணைக்களங்களையும் பகிர்ந்தளிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு ஜனாதிபதிக்குக் கொடுத்திருக்கிறது. பாராளுமன்றத்தில் விவாதம் தேவையில்லை, ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும். மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்றான பல்லேபொலயிலிருந்து பார்த்தால், இம்மாற்றங்களில் பெரும்பாலானவை கடிதத் தலைப்பைத்தான் மாற்றின. பொறுப்பு மெய்யாகவே இடம் பெயர்ந்தது இருமுறை: 1987இல் மாகாணத்துக்கு, 2023இல் நிதியமைச்சின் கீழுள்ள சபைக்கு. இரண்டு முறையும் பழைய அடுக்கு கலைக்கப்படவில்லை. அதன்மேல் புதியது வைக்கப்பட்டது. குறை இருப்பது அங்கேதான்.

தொடக்கத்தில் மாற்றுத்திறனாளிகளின் நலன் அரசின் வேலையாகவே கருதப்படவில்லை. 1912இல் மேரி சப்மன் தொடங்கிய, பின்னர் இரத்மலானையில் நிலைகொண்ட செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை மிஷனரி முயற்சி. 1939இன் ஏழைகள் சட்டம் வறியோரின் பராமரிப்பை மாநகரங்களின் தலையில் வைத்தது. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் அறிக்கை அளித்தது. 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் பிறந்தது. உடற்குறை இவ்வாறு வறுமையின் கிளையாகவே அரச நிர்வாகத்துக்குள் நுழைந்தது. பாடசாலை கல்வி அமைச்சோடும் செயற்கைக் கால் சுகாதார அமைச்சோடும் போக, மிஞ்சிய மனிதர் நலன்புரியின் பங்குக்கு வந்தார். பிந்திய பெயர்மாற்றம் எதுவும் அந்த முதல் முடிவை அசைக்கவில்லை.

1987இன் 13ஆவது திருத்தம் வலுவிழந்தோரின் புனர்வாழ்வையும் நலனையும் மாகாண சபைப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் மக்கள் பிச்சைச் சம்பளம் என்று சொல்லும் பொதுசன உதவிப்பணம் மாகாணத் திணைக்களத்தின் பொறுப்பாயிற்று. பல்லேபொலக்கு அது மத்திய மாகாணம். மத்திய அரசோ கையைக் கழுவவில்லை. 1994இல் சமுதாயஞ்சார் புனர்வாழ்வுத் திட்டத்தைக் கொழும்பே தொடங்கியது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் தேசிய சபையை உருவாக்கியது. அதன் வேலைகளுக்கென ஒரு தேசிய செயலகமும் அமைந்தது. அரச வேலையில் 3 வீதம் ஒதுக்கச் சொன்ன 1988இன் 27/88 சுற்றுநிருபம் வந்தது இன்னொரு வாசலிலிருந்து, பொதுநிர்வாக அமைச்சிலிருந்து. இந்தக் கோடுகளெல்லாம் பிரதேச செயலகத்தின் மேசையில் வந்து சேர்கின்றன. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் அரச வைத்தியரின் சான்றிதழும் கொண்டு வருபவருக்கு எந்தக் கோவை மாகாணத்துக்கு, எது கொழும்புக்கு என்று தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மறுப்பு வந்தால் யாரிடம் முறையிடுவது என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

அமைச்சின் பெயர்களோ தனிக்கதை. 2010க்குப் பின் சமூக சேவைகள். 2015இல் சமூக வலுவூட்டலும் நலன்புரியும். பின்னர் அதனோடு கண்டி மரபுரிமைகள். 2018 டிசம்பரில் ஆரம்பக் கைத்தொழில்கள். 2022இல் மகளிர், சிறுவர் அலுவல்கள். 2024 நவம்பரில் கிராமிய அபிவிருத்தி, சமூகப் பாதுகாப்பு. சக்கர நாற்காலியையும் கண்டி நடனத்தையும் ஒரே அமைச்சர் பார்த்துக்கொண்ட காலமும் இருந்தது. மேசையில் இருப்பவர் அதே உத்தியோகத்தர்தானே, பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். கொடுப்பனவைப் பொறுத்தவரை அது பெருமளவு சரியே. சட்டத்தைப் பொறுத்தவரை சரியல்ல. ஒரு சட்டமூலத்தை அமைச்சரவைக்குக் கொண்டுபோக ஓர் அமைச்சர் தொடர்ந்து அதன் பின்னால் நிற்கவேண்டும். 2003இல் தேசியக் கொள்கை அங்கீகரிக்கப்பட்டது, 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் உறுதிப்படுத்தப்பட்டது, அவற்றுக்கு ஈடான புதிய உரிமைச் சட்டமோ வரைவாகவே அமைச்சு விட்டு அமைச்சு போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தால் தீரும் என்பது இன்னொரு வாதம். இந்தியா 2012இல் சமூக நீதி அமைச்சுக்குள் தனித் துறையே அமைத்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் முதலமைச்சரே இந்தத் துறையை வைத்திருந்தார். உயர்ந்த இடத்தில் வைப்பதில் பயன் உண்டு, பணத்தில் அது உடனே தெரியும். இலங்கையிலும் நலன்புரி நன்மைகள் சபையின் அஸ்வெசும உதவித் திட்டம் 2023இல் தொடங்கி, நிதியமைச்சின் பார்வைக்குள் வந்தபின், மாற்றுத்திறனாளிகளுக்கான 5,000 ரூபாய்க் கொடுப்பனவு 2024இல் 7,500 ஆகவும், 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆகவும் உயர்ந்தது. இது சிறிய விடயமல்ல. ஆயினும் அஸ்வெசும குடும்பத்தை அலகாகக் கொண்டு வறுமையை அளப்பது. மனிதரின் உரிமையை அது அளக்காது. 2012 கணிப்பீட்டின்படி 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதத்தினர் ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் உள்ளவர்கள். இவர்கள் எல்லோரும் ஏழைகளல்லர். எல்லோருக்கும் படிக்கட்டு உண்டு.

சரிவுப்பாதையையே எடுத்துக்கொள்வோம். பொதுக் கட்டடங்களின் அணுகுவசதிக்கான 2006 ஒழுங்குவிதிகள் 1996 சட்டத்தின் கீழ் சமூக சேவை அமைச்சு பிறப்பித்தவை. அவற்றை நடைமுறைப்படுத்தக் கோரி அணுகுவசதிச் செயற்பாட்டாளர் அஜித் பெரேரா வழக்காட, 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட வேண்டியதாயிற்று. காரணம் எளிது: விதி எழுதிய அமைச்சுக்குக் கட்டட அனுமதியில் கை இல்லை. ஐ.நா. சமவாயத்தின் 33ஆம் உறுப்புரையும் ஒரு மையப்புள்ளியைக் கேட்பதோடு, மற்றத் துறைகளை இணைக்கும் பொறிமுறையைப் பரிசீலிக்கவும் சுயாதீனக் கண்காணிப்பை அமைக்கவும் கேட்கிறது. நலன்புரி அமைச்சுக்கு நாளை எந்தப் பெயர் சூட்டினாலும், பல்லேபொலயில் எழும் ஒரு கடைத்தொகுதியின் வரைபடத்தில் கையொப்பமிடும் இடம் பிரதேச சபை. அதற்குப் பணிப்புரை போவது மாகாண உள்ளூராட்சி நிர்வாகத்திலிருந்து.