அணைத்தால் மிச்சமா?

தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-ல் சென்னையில் ஒரு நாளைக்கு 2 மணி நேரம்தான் கரண்ட் போனது. மாவட்டங்களில் அது பல மடங்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட்டுக்குத் தெற்கே இருக்கும் திருப்போரூர் போன்ற ஊர்களில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கிடைக்கத் தொடங்கியிருந்த நேரமும் அதுதான். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கரண்ட் போனால் பேட்டரியே கதி என்ற நிலையில், பிராசஸரில் கோர் எனப்படும் கணக்கிடும் அலகுகள் இரண்டு இருக்கும்போது ஒன்றை அணைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. அணைத்ததெல்லாம் மிச்சம் என்பது மின்வெட்டு பழக்கிய கணக்கு. இந்தக் கணக்கு ஒரு காலத்தில் ஓரளவு சரியாகவும் இருந்தது. ஆனால் மடிக்கணினி அந்த மாணவர்கள் கைக்கு வருவதற்குள் அந்தக் கணக்கின் காலம் முடிந்துவிட்டது.

2006 ஜனவரியில் இன்டெல் தன் கோர் டியோவை மடிக்கணினிகளுக்குக் கொண்டுவந்தபோது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், நேரக் கணக்குக்காகச் சும்மா இருக்கும் கோரையும் நொடிக்கு 100 முதல் 1000 தடவை வரை எழுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு கோர் என்றால் இரண்டுக்கும் இந்தத் தொல்லை. எதுவும் ஆழ்ந்து உறங்க முடியாது. அப்போது ஒன்றை அணைப்பதில் நியாயம் உண்டு. 2007-ல் வந்த 2.6.21 கெர்னல், வேலை இல்லாதபோது இப்படி எழுப்புவதை நிறுத்தியது. 2008-ல் வந்த இன்டெலின் நெஹலேம் சிப் வடிவமைப்பு ஒரு படி மேலே போய், சும்மா இருக்கும் கோருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்தது. நாம் கையால் செய்ய நினைத்ததைச் சிப்பே நொடிக்குப் பலமுறை செய்யத் தொடங்கிவிட்டது. கையால் அணைப்பதில் ஆபத்தும் இருந்தது. லினக்ஸில் இரண்டாம் கோருக்கு உரிய ‘ஆன்லைன்’ என்ற கோப்பில் 0 என்று எழுதினால் போதும், அந்தக் கோர் கணக்கிலிருந்து விலகிவிடும். ஆனால் 2010 வரையிலான கெர்னல்கள் அப்படி விலக்கிய கோரை அரைத்தூக்கத்திலேயே விட்டுவைத்தன. எல்லாக் கோர்களும் ஆழ்ந்து உறங்கினால்தான் சிப் முழுவதும் உறங்கும் என்பதால், அணைத்த கோரே மற்றதன் உறக்கத்தையும் கெடுத்தது.

வேலை நடக்கும்போதாவது மிச்சமாகாதா என்று கேட்கலாம். உதாரணத்துக்கு, சும்மா இருக்கையில் திரையும் மற்றதும் சேர்ந்து 8 வாட் இழுக்கும் ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். சிப் விழித்தால் 2 வாட், வேலை செய்யும் ஒவ்வொரு கோருக்கும் 6 வாட் கூடுதல். ஒரு கோருக்கு 60 நொடி பிடிக்கும் வேலைக்கு 16 வாட் வீதம் 960 ஜூல் செலவு. அதையே இரண்டு கோர் பங்கிட்டு 30 நொடியில் முடித்தால் 22 வாட் வீதம் 660 ஜூல். மீதி 30 நொடி சும்மா இருப்பதற்கு 240. ஆக 900தான். பங்கிட முடியாத வேலை என்றால், இரண்டாம் கோர் எப்படியும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அதை அணைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மணிக்கணக்கில் ஓடும் வீடியோ வடிவ மாற்றத்தில் ஒரு கோரை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்குமே என்பது வலுவான மறுப்பு. நிற்கும்தான், இதே கணக்கில் 22 வாட் 16 ஆகிறது. ஆனால் கடிகாரம் காட்டும் நேரம் கூடுகிறதே தவிர, அந்தப் பேட்டரியில் முடியும் வேலை குறைகிறது. வாட்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், இரண்டு கோரையும் வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பது மேல். வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு கோரை மட்டும் விட்டுவைத்தால் நேர்மாறாக, வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ வசதி அதை உயர்ந்த மின்னழுத்தத்தில் விரட்டக்கூடும். ஆகவே பேட்டரியில் ஓட்டும்போது குறைக்க வேண்டியவை திரை வெளிச்சமும் வேகத்தின் உச்சவரம்பும்தான். கோர்களின் எண்ணிக்கை அல்ல.