வடலூர் அடுப்பும் எண்பது காணியும்

1867ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டுப் பார்வதிபுரத்து ஊரார் கூடி ஒரு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். ஊரை ஒட்டித் திறந்து கிடந்த எண்பது காணி நிலம். இன்றைய அளவில் ஏறக்குறைய 106 ஏக்கர். அதைக் கேட்டு வாங்கியவருக்குச் சொந்தமாக ஒரு வீடுகூட இல்லை. பக்கத்துக் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளாகத் தங்கியிருந்த இராமலிங்கர் அவர். பிற்காலத்தார் வள்ளலார் என்று அழைத்தவர். பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போட ஒரு சாலை கட்ட வேண்டும், அதற்கு இடம் வேண்டும் என்றார். ஊரார் கொடுத்தார்கள்.

வடலூர் என்று அறியப்படும் அந்த இடத்தில் அந்த ஆண்டு மே 23, வியாழக்கிழமை, சத்திய தருமச்சாலை தொடங்கியது. கட்டடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மண்சுவரும் விழல் கூரையும்தான். ஆனால் அடுப்பு பெரியது: நீளம் 21 அடி, அகலமும் ஆழமும் இரண்டரை அடி. வடலூரில் இன்றும் அதில்தான் விறகு எரிகிறது.

இடத்தைத் தேர்ந்ததிலும் யோசனை இருந்திருக்கிறது. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் வழியும் சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் வழியும் வடலூரில்தான் வெட்டிக்கொள்கின்றன. அந்தப் பக்கம் ரயில் வராத காலம். நடந்தும் வண்டி கட்டியும் போகிறவர்கள் நான்கு திசையிலிருந்தும் அங்கே வந்து சேர்வார்கள். ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் 1866இல் பஞ்சம் வாட்டியிருந்தது. வழிப்போக்கர்களில் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களுக்கும் குறைவிருக்காது.

பசித்தவருக்குச் சோறு போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வடலூரில் என்ன புதிது என்பதைப் பார்க்க, அதற்கு முன்பு அன்னதானம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு நல்ல சான்று தஞ்சாவூர்.

இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். பெரும்பாலானவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் இருப்பது பிரதாப சிங்கின் துணைவி யமுனாம்பாளின் பெயரால் அமைந்த சத்திரம். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802இல் அமைத்தார். 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. சத்திரங்களுக்கு மானியமாக விடப்பட்ட கிராமங்களும் போய்விடுமோ என்ற கவலை சரபோஜிக்கு. 1801 ஜனவரியில் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், ஒரு சத்திரத்தில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாக விவரித்திருக்கிறார்.

படித்தால் வியப்பு வரும். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லோருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் கொடுப்பார்கள். இப்படி நள்ளிரவு வரை நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று அறிவிப்பார்கள். வைத்தியர் உண்டு. பாம்புக்கடிக்கும் வீக்கத்துக்கும் மருந்து தருவார். நோய்ப்பட்ட வழிப்போக்கர் குணமாகும் வரை தங்கிப் பத்தியச் சாப்பாடு சாப்பிடலாம். சத்திரத்தில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பேறுகாலச் செலவும் மருந்தும் சத்திரமே கொடுத்து மூன்று மாதம் தங்க வைக்கும். பெற்றோரை இழந்து வந்த பிள்ளைகளைப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைத்து மூன்று வேளை சோறு போட்டு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, விரும்பிய கல்வியைக் கற்றுத் தந்து, வளர்ந்ததும் கல்யாணச் செலவையும் ஏற்கும்.

கம்பெனி அதிகாரியின் மனதை இளக்க அரசர் நல்லதை மட்டும் எழுதியிருக்கலாம். அப்படி வைத்துக்கொண்டாலும், ஒரு தரும நிலையம் இன்னதெல்லாம் செய்யக் கடமைப்பட்டது என்று 1801இல் ஒருவர் பட்டியல் போட முடிந்ததே பெரிய செய்தி. எண்ணெய்க் குளியலுக்கு நாள் கணக்கு வைத்திருக்கிற இடத்தில் யாரோ பிள்ளைகளை உண்மையாகவே கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் இவ்வளவும் நின்றது அரசரின் சொல்லிலும் மானியக் கிராமங்களின் வருமானத்திலும்தான். 1855இல் தஞ்சை அரசு முடிந்தபோது சத்திரங்கள் ஆங்கில அரசின் பொறுப்புக்குப் போயின. நிலங்களும் கட்டடங்களும் இன்றும் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. நள்ளிரவு மணி மட்டும் இல்லை. சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள். சுற்றியிருந்த ஊர்களுக்கு அந்தச் சமையலறையில் பங்கு எதுவும் இருக்கவில்லை. கொடுப்பவர் போனபோது அதைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

சென்னைக் கறுப்பர் பட்டணத்துக்கு வடக்கே எழுந்த மணியக்காரர் சத்திரத்தின் கதை வேறு விதம். 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடிக் பகுதிக்குள் புகுந்தபோது கிராமங்கள் எரிந்தன, மக்கள் கோட்டையை நோக்கி ஓடி வந்தார்கள். பஞ்சம் தொடர்ந்தது. 1782இல் அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகள் அதிகம் என்பதால் 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார். அது வளர்ந்து ஆஸ்பத்திரியாகி, பிறகு மருத்துவப் பள்ளியும் சேர்ந்து, இன்று ஸ்டான்லி மருத்துவமனையாக நிற்கிறது. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அவசரத்துக்கு வைத்த கஞ்சி ஒரு மருத்துவமனைக்கு வித்தானது. அதை நடத்தும் பொறுப்போ படிப்படியாக அரசிடம் போய்ச் சேர்ந்தது.

வடலூர் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை.

அங்கே மானியக் கிராமம் இல்லை, அரசு உதவியும் இல்லை. கருங்குழியிலும் கடலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த அன்பர்கள் அரிசியும் பருப்பும் பணமும் திரட்டினார்கள். 1865இல் வள்ளலார் தொடங்கிய சன்மார்க்க சங்கத்தைச் சேர்ந்தவர்களே சமையலையும் பந்தியையும் மேற்பார்வையையும் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் கல்பட்டு ஐயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வள்ளலாருக்குப் பிறகும் சாலைத் தொண்டிலேயே இருந்து 1902இல் மறைந்தவர். சமையல் நடக்கும் சாலைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

தொடக்க நாளில் வள்ளலாரின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' வாசிக்கப்பட்டது. தருமத்தைப் புகழும் நூல்கள் தமிழில் எத்தனையோ உண்டு. இந்த நூலின் தனித்தன்மை, பசி உடம்பை என்ன செய்கிறது என்பதை உறுப்பு உறுப்பாக எழுதியதில் இருக்கிறது. கண் குழிவது, காது அடைப்பது, நா வறள்வது, கைகால் சோர்வது, அறிவு மங்குவது என்று ஒரு மருத்துவர் குறிப்பெழுதுவது போலப் போகிறது. இவற்றைக் கிட்ட இருந்து பார்க்காதவர் இப்படி எழுத முடியாது. வீட்டு விசேஷங்களுக்குச் செய்யும் செலவில் பசித்தவருக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்று இல்லறத்தாருக்குச் சொல்கிறார். வருகிறவர் எந்த நாடு, எந்தச் சமயம், எந்தச் சாதி, எப்படிப்பட்ட நடத்தை உடையவர் என்று விசாரிக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறார். அந்தக் காலத்துச் சத்திரங்கள் பலவற்றில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. நடத்தையைக்கூடக் கேட்காதே என்பது அதற்கும் அப்பால் போகிற வார்த்தை. குடிகாரனும் திருடனும் பந்தியில் உட்காரலாம்.

இதன் ஆழம், வழிபாட்டுக்காக வள்ளலார் அமைத்து 1872 ஜனவரியில் திறக்கப்பட்ட சத்திய ஞான சபையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது விளங்கும். கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே சபைக்குள் வரலாம் என்ற கட்டுப்பாடு அதன் வாயிலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்று வகுத்தவர் வள்ளலார். அந்தப் புறவினத்தாருக்கும் பசி தீர்ப்பது கடமை என்று எழுதியவரும் அவரே. வழிபாட்டுக்கு நிபந்தனை வைத்தவர் சோற்றுக்கு ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் வள்ளலார் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் காணவில்லை. சாலைக்கு அப்போது ஏழு வயதுகூட நிறையவில்லை. இரண்டே ஆண்டில் சென்னை மாகாணம் அதுவரை கண்டிராத 1876-78 பஞ்சம் வந்தது. நிறுவியவர் இல்லை, கையிருப்பு இல்லை, ஊருக்கே சோறு அரிது. அப்படிப்பட்ட காலத்தைத் தாண்டியும் சாலை நின்றது. அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை என்பது வடலூர் மக்களின் உறுதியான நம்பிக்கை. அணையா அடுப்பு என்றே அதற்குப் பெயர்.

தஞ்சைச் சத்திரங்களில் ஓய்ந்துபோன சமையல் இங்கே தொடர்வதற்குக் காரணம் பக்தி மட்டும் என்று முடித்துவிட முடியாது. ஆயிரம் பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற இடத்தில் ஒருவர் நின்றுபோனால் அடுப்பு நிற்காது. பெரிய கொடையாளியை நம்பாதது வசதிக்குறைவாகத் தொடங்கி, பிறகு பலமாகிவிட்டது. இன்று சாலையும் சபையும் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கின்றன. ஆனாலும் அறுவடை முடிந்ததும் நெல் மூட்டையும் அரிசியும் கொண்டுவந்து இறக்குகிறவர்கள், காய்கறி வண்டி அனுப்புகிறவர்கள், விறகு கொடுக்கிறவர்கள் எல்லோரும் பொதுமக்கள்தான். விசேஷ நாட்களில் பாத்திரம் கழுவவும் காய் நறுக்கவும் இலை எடுக்கவும் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து தங்குகிறார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் சன்மார்க்க சங்கங்கள் காலையில் கஞ்சியோ மதியம் சோறோ வழங்குகின்றன. அவையெல்லாம் வடலூரைப் பார்த்துத் தொடங்கியவை.

தைப்பூசத்தன்று சபையில் ஏழு திரைகளை நீக்கி ஜோதி காட்டுவார்கள். முதல் நாள் கொடியேற்றத்துக்குப் பார்வதிபுரத்து மக்கள் மேளதாளத்தோடு சீர்வரிசைத் தட்டு ஏந்தி வருவார்கள். நிலம் கொடுத்தவர்களின் வாரிசுகள் என்ற முறையில் அது அவர்கள் உரிமை. பெண் கொடுத்த வீட்டார் சீர் கொண்டுவருவது வழக்கம். இந்த ஊர் நிலம் கொடுத்துவிட்டு, தலைமுறை தலைமுறையாகச் சீரும் கொண்டுவருகிறது.

இந்த உறவு எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது 2024இல் தெரிந்தது. வள்ளலாரின் 200ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி ஏறக்குறைய 100 கோடி ரூபாயில் சர்வதேச மையம் ஒன்றை வடலூரில் கட்ட அரசு முடிவு செய்து, சபைக்கு எதிரே உள்ள பெருவெளியில் பள்ளம் தோண்டும் வேலையும் தொடங்கியது. பார்வதிபுரத்து மக்கள் திரண்டு வந்து பள்ளத்துக்குள் இறங்கினார்கள். மையம் வரட்டும், பெருவெளி வேண்டாம், எங்கள் முன்னோர் கொடுத்தது ஜோதி பார்க்க வரும் கூட்டம் நிற்பதற்கான வெட்டவெளி என்பது அவர்கள் வாதம். வருகிற லட்சக்கணக்கானோருக்கு வசதி செய்யவே மையம் என்றது அரசு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கட்டடம் எங்கே வர வேண்டும் என்பதில் இரு பக்கமும் சொல்ல நியாயம் இருக்கிறது. பத்திரம் எழுதி 157 ஆண்டுகளுக்குப் பிறகும், கொடுத்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கும் பொறுப்பு தங்களுக்கு உண்டு என அந்த ஊர் நினைத்ததால்தான் அந்த மக்கள் பள்ளத்துக்குள் இறங்கினார்கள்.