காய்ச்சலைக் கணக்கெடுத்த கூகிள்

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகும் முன்பே இணையத்தில் தேடிப் பார்ப்பவர்கள் ஏராளம். அந்தத் தேடல்களை எண்ணினாலே நோய் எங்கே பரவுகிறது என்று தெரிந்துவிடாதா? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் 'கூகிள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்'.

அமெரிக்காவில் ஃப்ளூ காய்ச்சலைக் கணக்கெடுப்பது சி.டி.சி. எனும் அரசு நோய்த்தடுப்பு மையம். டாக்டர்கள் அனுப்பும் விவரங்களைத் திரட்டி வெளியிட அதற்கு ஓரிரு வாரங்கள் ஆகும். கூகிள் பொறியாளர்கள் 5 கோடித் தேடல் சொற்களை சி.டி.சி.யின் பழைய கணக்கோடு ஒப்பிட்டு, நன்றாக ஒத்துப்போன 45-ஐ மட்டும் பொறுக்கினார்கள். 2008 நவம்பரில் சேவை தொடங்கியது. வாரக்கணக்கில் காத்திருந்த தகவல் ஒரே நாளில் கைக்கு வந்தது!

சில மாதங்களிலேயே சோதனையும் வந்தது. 2009 ஏப்ரலில், தெற்குக் கலிஃபோர்னியாவில் இரண்டு குழந்தைகளிடம் ஒரு புதிய ஃப்ளூ வைரஸ் இருப்பது ஆய்வகத்தில் உறுதியானது. பன்றிகளிடம் பரவிவந்த வைரஸ்களின் மரபணுக்கள் கலந்து உருவான எச்1என்1 அது. உலகமே 'பன்றிக் காய்ச்சல்' என்று அலறியது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்றாக அறிவித்தது.

ஆனால் அமெரிக்காவில் வீசிய அந்த முதல் அலையைக் கூகிள் குறைத்தே காட்டியது. ஏன்? குளிர்கால ஃப்ளூவைப் பார்த்துப் பழகிய கணக்கு அது. வசந்த காலத்தில் வந்த புது நோய்க்கு மக்கள் தேடிய விதமே வேறு. செப்டம்பரில் கணக்கைத் திருத்தினார்கள்.

அடுத்த சறுக்கல் நேர் எதிர். 2012-13 குளிர்காலத்தில் சி.டி.சி. சொன்னதைப்போல இரண்டு மடங்கு காய்ச்சலைக் கூகிள் காட்டியது. செய்திகளைப் பார்த்துப் பயந்து, நோயில்லாதவர்களும் தேடியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2011 ஆகஸ்டிலிருந்து 108 வாரங்களில் 100 வாரம் கணக்கு கூடுதலாகவே இருந்தது என்று 2014-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. சி.டி.சி.யின் பழைய கணக்கை வைத்து ஊகித்திருந்தாலே இதைவிடச் சரியாக வந்திருக்கும் என்றும் அது காட்டியது.

2015 ஆகஸ்டில் சேவை மூடப்பட்டது.

அதற்காக இந்த முயற்சியே வீண் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கணக்கையும் சேர்த்தால் தனித்தனியாகக் கிடைப்பதைவிட நல்ல விடை வரும் என்பதையும் அதே கட்டுரைதான் சொன்னது. தேடல் பெட்டியில் நோயும் விழுகிறது, பயமும் விழுகிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் கணக்கு வேண்டியிருக்கிறது.