புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் உள்ளூர்த் தொண்டர்களும் சேர்ந்து இதை நடத்தினர். கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். எழுத்தோடு சைக்கிளையும் கல்குவாரித் தொழிலையும் அவர்கள் கைக்குக் கொண்டுவந்ததே இந்த இயக்கத்தைத் தனித்து நிற்க வைக்கிறது.

பின்னணி

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்தது புதுக்கோட்டையில்தான். மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவியும் அவரே. ஆனால் ஒரு நூற்றாண்டு கழிந்தும் இந்த வறண்ட மாவட்டத்தின் வயற்கூலிப் பெண்களுக்கும், கல் உடைப்பவர்களுக்கும், செயற்கைக் கல் பட்டை தீட்டுபவர்களுக்கும் பள்ளிக்கூடம் எட்டவில்லை. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அந்த வழியில் புதுக்கோட்டையும் இறங்கியது. பகல் முழுக்க உழைத்தவர்களுக்கு மாலையில்தான் வகுப்பு. பாட்டும் வீதி நாடகமும் அவர்களை அழைத்து வந்தன.

சைக்கிள்

அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தொண்டர்களாக இருந்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்க வேண்டும் என்று ஊக்குவித்தார். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். தொண்டர்களைப் பார்த்து, வகுப்பில் படித்தவர்களும் சைக்கிள் கற்றுத்தரக் கேட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் கண்ணம்மாள் போன்றோர் ஊர் ஊராகப் பயிற்சி நடத்தினர். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு பயிற்சி நடந்த இடமெல்லாம் ஒலித்தது. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தனர்.

மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான வண்டிகள் போதாமல் ஆண்கள் ஓட்டும் வண்டிகளையும் வாங்கினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. தெருவில் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அதற்காக யாரும் வண்டியை வீட்டில் நிறுத்திவிடவில்லை.

இதன் பலன் வருமானத்தில் தெரிந்தது. காய்கறியோ பிற விளைபொருளோ விற்கும் பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. ஒரே ஊரில் விற்றவர் நாலைந்து ஊர் சுற்றி விற்றார். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளைகளையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். அப்பா, அண்ணன், கணவன் யாராவது கூட்டிப்போனால்தான் வெளியே போகலாம் என்ற நிலை மாறியதைத்தான் இந்த இயக்கத்தின் மிகப் பெரிய வெற்றியாகச் சொல்ல வேண்டும்.

குவாரி

குவாரிகளை ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர்கள் முன்பணம் கொடுத்துக் கல் உடைக்கும் குடும்பங்களைக் கட்டிப்போட்டிருந்தனர். கடன் தீராது, கணக்கு என்னவென்றும் தெரியாது. அறிவொளி வகுப்பில் எண்ணும் எழுத்தும் கற்ற பெண்கள் அந்தக் கணக்கைக் கேட்கத் தொடங்கினார்கள். நிர்வாகம் ஒரு படி மேலே போய், பெண்கள் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விட்டது. சுமார் 4,000 பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர், தாங்கள் கொத்தடிமையாகக் கிடந்த தொழிலுக்கே பொறுப்பாளர்கள் ஆனார்கள். இடைத்தரகருக்குப் போன பணம் வீட்டுக்கு வந்தது.

ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் மாறியபின் நிர்வாகத்தின் ஆதரவும் தளர்ந்தது. பெண்களின் பிடி நழுவியது. குத்தகை அரசின் கையில் இருந்தது, மேலிடத்தில் மனம் மாறினால் போய்விடும். சைக்கிள் ஓட்டும் திறமையை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை. இந்த இரண்டின் வேறுபாட்டை, மகளிர் தொழில் திட்டங்களை வகுக்கும் எவரும் கவனிப்பது நல்லது.

பிற்காலமும் பிற இடங்களும்

வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சுங்கத்தும் சேர்ந்து இந்த அனுபவத்தை 1996இல் ஆங்கில நூலாக வெளியிட்டனர். பிறகு தமிழ்நாட்டு அரசே பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிகார் 2006இல் அதைச் செய்தபோது உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் கணிசமாகக் கூடினர். ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவின் கிராமப்புற மாணவிகளுக்கும் சைக்கிள் தரப்பட்டது. பள்ளிக்குப் போய்வரும் நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பள்ளிக்கு வராத நாட்கள் 28 விழுக்காடு குறைந்தன என்று அங்கே நடந்த ஆய்வு கண்டது.